ஒளி குறைந்தால் ஆன்டிபாடியா? எச்ஐவி தடுப்பூசி ஆய்வில் டிஇசட்எம்-பிஎல் செல்களைக் கொண்டு அளவிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மண்டபம், தொண்டி, கீழக்கரை, ராமநாதபுரம் பக்கம் நுண்ணுயிரியலோ உயிரித் தொழில்நுட்பமோ படிக்கிற பிள்ளைகள் எச்ஐவி ஆய்வுக்குள் நுழைவது பெரும்பாலும் இரண்டு வாசல் வழியாகத்தான். ஒன்று, சென்னையிலோ புனேயிலோ ஃபரிதாபாத்திலோ கிடைக்கும் புராஜெக்ட் உதவியாளர் வேலை. மற்றது, நம் கடற்பாசிச் சாற்றுக்கு எச்ஐவி எதிர்ப்புத் திறன் உண்டா என்று பார்க்கும் எம்.எஸ்சி., பிஎச்.டி. ஆய்வு. எந்த வாசல் வழியாகப் போனாலும் சீக்கிரமே டிஇசட்எம்-பிஎல் என்ற செல் லைன் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் ஒரே வகைச் செல்கள்) கைக்கு வந்துவிடும். தடுப்பூசி போட்டவரின் ரத்தத்தில் வைரஸை முறிக்கும் ஆன்டிபாடி உருவாகியிருக்கிறதா, எவ்வளவு உருவாகியிருக்கிறது என்று உலகின் பெரும்பாலான எச்ஐவி தடுப்பூசி ஆய்வுகள் அளப்பது இந்தச் செல்லில்தான்.

முறை கடினமானதல்ல. ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவமான சீரத்தையும் வைரஸையும் கலந்து, தட்டின் சிறு குழிகளில் செல்லோடு சேர்க்க வேண்டும். வைரஸ் உள்ளே போனால் செல் ஒளிரும், ஆன்டிபாடி தடுத்தால் ஒளி குறையும். கைப்பழக்கம் வர ஒரு மாதம் போதும். ஒளி ஏன் குறைந்தது என்று சரியாகச் சொல்லப் பழகுவதற்குத்தான் நாளாகும். அதனால் இந்த வழிகாட்டியில் மாதிரிக் குழிகளைவிட, ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுக் குழிகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

செல்லுக்குள் என்ன இருக்கிறது

மூலம் ஹீலா. 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து அவருக்குத் தெரியாமலே எடுக்கப்பட்ட செல்கள் அவை. அதே ஆண்டு அவர் இறந்தார், செல்கள் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றை விற்று லாபம் பார்த்த ஒரு பெரிய நிறுவனத்தோடு அவருடைய குடும்பத்துக்குச் சமரசம் ஏற்பட 2023 ஆகஸ்ட் வரை ஆனது. மனித மாதிரியைக் கையில் எடுப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஹீலாவின் மேற்பரப்பில் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பிப் புரதம் இயல்பாகவே உண்டு. எச்ஐவி நுழைய முதலில் சிடி4 என்ற ஏற்பி வேண்டும், கூடவே சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 வேண்டும். தொற்றைப் பரப்பும் வைரஸ்களில் பெரும்பாலானவை சிசிஆர்5-ஐத்தான் தேடும். ஆகவே டேவிட் கபாட்டின் ஆய்வகத்தில் ஹீலாவுக்குள் சிடி4, சிசிஆர்5 இரண்டின் மரபணுக்களையும் புகுத்தி ஜேசி53 என்ற லைனை உருவாக்கினார்கள். அதில் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் ஜான் கேப்பஸும் சகாக்களும் தொற்று நடந்ததைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு அறிவிப்பு மரபணுக்களைச் சேர்த்தார்கள். ஒன்று மின்மினியின் ஒளி தரும் நொதியான லூசிஃபெரேஸ், இன்னொன்று ஈ. கோலை பாக்டீரியாவின் நொதியான பீட்டா-கேலக்டோசிடேஸ். இரண்டும் எச்ஐவியின் எல்டிஆர் என்ற தொடக்கப் பகுதியின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அந்த எல்டிஆர் வேகம் பிடிக்க எச்ஐவியின் டாட் புரதம் வேண்டும். வைரஸ் நுழைந்து, அதன் ஆர்என்ஏ டிஎன்ஏவாகி, செல்லின் மரபணுவோடு இணைந்து, டாட் உற்பத்தியானால்தான் லூசிஃபெரேஸ் பெருகும்.

இந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆன்டிபாடி வேலை செய்வது முதல் கண்ணியில் மட்டும். ஆனால் எந்தக் கண்ணி அறுந்தாலும் ஒளி குறையும்.

செல்லுக்கு முன்னால் அனுமதி, மாதிரி

ஒரே ஒரு சுற்று மட்டும் தொற்றும் போலி வைரஸோடு வேலை செய்ய இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு வசதியும் இரண்டாம் வகுப்புப் பாதுகாப்புக் கூண்டும் வேண்டும். மரபணு மாற்றிய பொருள் என்பதால் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். மனித சீரம் என்பதால் நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாமல் யாரும் சீரத்தைத் தொடக் கூடாது.

ரகசியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் எச்ஐவி நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்பது அதன்படி சட்டக் கடமை. பெயரை நீக்கி எண் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று பெருநகர ஆய்வகங்கள் நினைக்கலாம். நம் கடற்கரையில் அது போதாது. ஊர்ப் பெயர், வயது, விசைப்படகா நாட்டுப்படகா என்ற மூன்று தகவல் ஒரே தாளில் இருந்தால் ஆள் யாரென்று அந்தத் தெருவே சொல்லிவிடும். எனவே மாதிரித் தாளில் ஊர் வேண்டாம், மாவட்டம் போதும். வயதை ஐந்து ஆண்டு இடைவெளியாக எழுதுங்கள். குறியீட்டையும் ஆளையும் இணைக்கும் பதிவேடு நம்பிக்கை மைய ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ இருக்கட்டும். தட்டில் சோதனை போடுகிறவருக்கு அது தெரிய வேண்டிய தேவை இல்லை.

ரத்தம் எடுக்கும் குழாயைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவு தீர்மானமாகிவிடும். சிவப்பு மூடிக் குழாயில் சீரமாக எடுப்பதே நல்லது. பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கும். அது சல்ஃபேட் ஏறிய, எதிர்மின்னேற்றம் கொண்ட சர்க்கரைச் சங்கிலி. வைரஸ் செல்லில் ஒட்டுவதை அதுவே தடுக்கும் என்பதால் ஆன்டிபாடி இல்லாத ரத்தமும் ஆன்டிபாடி இருப்பது போல நடிக்கும். இந்த ஹெப்பாரினை நினைவில் வையுங்கள், கடற்பாசியிடம் போகும்போது உதவும்.

குழாயை அரை மணி நேரம் நிறுத்தி உறையவிட்டு, பிறகு சுழற்றிச் சீரத்தைப் பிரித்து, சிறு பங்குகளாக்கி −80 டிகிரியில் வையுங்கள். மே மாத வெயிலில் உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரத்துக்கு டூவீலரில் மாதிரி கொண்டுவருவதென்றால் மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியே போதும். ஆனால் உடைத்த ஐஸ் பாரில் குழாயை நேராகப் புதைக்காதீர்கள். ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், நனைந்த லேபிளும் உரிந்துவிடும். ஜிப் பையில் போட்டு, இடையில் துணி வைத்துக் கட்டுங்கள். சோதனைக்கு முன் சீரத்தை 56 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் சூடாக்குவார்கள். ரத்தத்தில் இயல்பாக இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற தற்காப்புப் புரதங்களைச் செயலிழக்கச் செய்யத்தான் இது.

செல்லை வளர்ப்பது

ஊடகம் அதிக குளுக்கோஸ் டிஎம்இஎம். அதில் 10 சதவீதம் சூடாக்கிய கன்றுச் சீரம், 25 மில்லிமோலார் ஹெப்பிஸ், ஜென்டாமைசின். 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடு. திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்த குப்பியை 37 டிகிரி நீரில் சட்டென்று உருக்கி, உறைநிலையில் செல்லைக் காக்கச் சேர்த்திருந்த டிஎம்எஸ்ஓவை அன்றே நீக்கிவிடுங்கள். அடுக்கு நிறைந்ததும் டிரிப்சின் போட்டுப் பிரித்து, பத்தில் ஒரு பங்கைப் புதுக் குடுவைக்கு மாற்றினால் மூன்று நான்கு நாளில் மறுபடி நிறையும்.

டிரிப்சினில் செல்லைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். டிரிப்சின் புரதத்தை அறுக்கும் நொதி. குடுவையோடு ஒட்டவைக்கும் புரதத்தை மட்டும் அறுத்துவிட்டு நின்றுகொள்ளாது, மேற்பரப்பில் இருக்கும் மற்றவற்றையும் தின்னத் தொடங்கும். செல் உருண்டு கழன்றதும் சீரம் கலந்த ஊடகம் ஊற்றி நிறுத்த வேண்டும்.

செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் நுண்ணுயிரான மைக்கோபிளாஸ்மாவுக்கான சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆய்வகத்தில் பல செல் லைன் இருந்தால் இந்தக் குடுவையில் இருப்பது இதுதான் என்று எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாள முறையில் உறுதி செய்யுங்கள். இன்னொன்று: டிஇசட்எம்-பிஎல் செல்லே எலி லுக்கேமியா வைரஸ் ஒன்றைச் சுமக்கிறது. 2008-இல் இது வெளியானபோது பெரிய பதற்றம் ஏற்பட்டது. பிறகு செய்த ஒப்பீடுகளில் ஆன்டிபாடி அளவீட்டை அது பாதிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் அதே கூண்டில் எலி செல்களையும் வளர்க்கிறீர்கள் என்றால் தனித்தனி நாள், தனித்தனி ஊடகப் புட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

போலி வைரஸ்

உயிருள்ள எச்ஐவியை வைத்து இந்தச் சோதனையைச் செய்யத் தேவையில்லை. இரண்டு பிளாஸ்மிட் (வளைய வடிவ டிஎன்ஏ) போதும். ஒன்றில் எச்ஐவியின் உறைப்புரத மரபணு மட்டும் இருக்கும். மற்றதில் உறை தவிர மற்றெல்லாம் இருக்கும். அதன் பெயர் பிஎஸ்ஜி3-டெல்டா-என்வ். இரண்டையும் 293டி என்ற மனிதச் செல் லைனுக்குள் செலுத்தினால் முழு உருவம் கொண்ட துகள் வெளியே வரும். அது ஒரு செல்லுக்குள் நுழையும், டாட் உண்டாக்கும், அங்கேயே நின்றுவிடும். உறைக்கான மரபணு உள்ளே இல்லாததால் அடுத்த தலைமுறை தொற்றாது. ஒரே சுற்று என்பதால்தான் கணக்கும் நேராக வருகிறது.

பிளாஸ்மிட்டைப் பெருக்க ஈ. கோலையை அகார் தட்டில் வளர்க்க வேண்டும். பாம்பனிலும் ராமேசுவரம் தீவிலும் பெண்கள் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் எடுக்கலாம் என்பது நம் மாணவர்கள் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கிறது. அந்தப் பாசி போகும் தொழிற்சாலைகளில் பல மதுரையைச் சுற்றித்தான் இருக்கின்றன.

293டி செல்கள் குடுவையில் பாதிக்கு மேல் நிறைந்ததும், முழுக்க நெருங்கும் முன், உறை பிளாஸ்மிட் ஒரு பங்கு, மற்றது இரண்டு பங்கு என்ற விகிதத்தில் செல்லுக்குள் செலுத்துங்கள் (டிரான்ஸ்ஃபெக்ஷன்). சில மணி நேரம் கழித்து ஊடகத்தை மாற்றுங்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மேல்திரவத்தை எடுத்து 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, கன்றுச் சீரத்தை 20 சதவீதமாக உயர்த்தி, ஒரு மில்லிலிட்டர் பங்குகளாக −80 டிகிரியில் வையுங்கள். உருக்கிய குப்பியை மறுபடி உறையவைக்காதீர்கள்.

எத்தனை பங்கு வைரஸ் வேண்டும் என்பதை ஒவ்வொரு தொகுதிக்கும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து மடங்காக நீர்க்கச் செய்துகொண்டே போய், ஒவ்வொரு நீர்ப்பிலும் நான்கு குழியில் தொற்றவிட்டு ஒளியைப் பாருங்கள். பின்னணி ஒளியைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டிய குழியைத் தொற்றிய குழியாகக் கொண்டு டிசிஐடி50, அதாவது பாதிக் குழிகளில் தொற்று ஏற்படுத்தும் வைரஸ் அளவைக் கணக்கிடுவது வழக்கம். தட்டில் போடும் அளவு, பின்னணியைவிடக் குறைந்தது பத்து மடங்கு ஒளி தர வேண்டும். 1,50,000 ஒளி அலகு அளவில் இருந்தால் பல கருவிகளில் நன்றாக ஓடும். அதிக வைரஸ் போட்டால் கருவி அழகான எண்களைக் காட்டும், ஆனால் செல் செத்து, வளைகோடு சாய்ந்துவிடும்.

டிஇஏஇ-டெக்ஸ்ட்ரான் என்ற நேர்மின்னேற்றச் சர்க்கரைச் சங்கிலியையும் சேர்ப்பார்கள். செல், வைரஸ் இரண்டின் மேற்பரப்பும் எதிர்மின்னேற்றம் உடையவை என்பதால் இரண்டையும் நெருங்கவிடுவது இதுதான். ஒவ்வொரு புதுப் புட்டிக்கும் எந்தச் செறிவில் தொற்று அதிகம், செல் சாவு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

தட்டு போடும் நாள்

செய்தித்தாளில் வரும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முதலில் பாருங்கள். தட்டு 48 மணி நேரம் இன்குபேட்டரில் இருக்கப் போகிறது. யுபிஎஸ் இருந்தாலும் அந்த இரண்டு நாளுக்குள் மின்தடை வராதபடி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். திங்கள் முதல் புதனுக்குள் தட்டு போட்டால் வாசிப்பு வேலை நாளில் விழும்.

தட்டையான அடி கொண்ட 96 குழித் தட்டு. முதல் நெடுவரிசையில் செல் மட்டும், இரண்டாவதில் செல்லும் வைரஸும். மூன்று முதல் பன்னிரண்டு வரை மாதிரிகள். மாதிரி ஒன்றுக்கு இரண்டு நெடுவரிசை, ஆக ஒரு தட்டில் ஐந்து மாதிரி. நீர்ப்பு ஹெச் வரிசையில் தொடங்கி மேலே ஏ வரை போகும்.

முதல் நெடுவரிசையில் 150 மைக்ரோலிட்டர் ஊடகம், மற்ற எல்லாவற்றிலும் 100. ஹெச் வரிசையின் மாதிரிக் குழிகளில் மட்டும் கூடுதலாக 40 ஊற்றி, 11 மைக்ரோலிட்டர் சீரம் சேர்த்துக் கலக்குங்கள். அங்கிருந்து 50 எடுத்து ஜி வரிசைக்கு மாற்றிக் கலக்கி, அடுத்து எஃப், இப்படியே ஏ வரை. ஏ வரிசையிலிருந்து கடைசி 50-ஐ எடுத்துக் கழித்துவிடுங்கள். பிறகு முதல் நெடுவரிசை தவிர எல்லாக் குழிக்கும் 50 மைக்ரோலிட்டர் வைரஸ். இப்போது எல்லாக் குழியிலும் 150 இருக்கும். ஹெச் வரிசையில் சீரம் சுமார் 20-இல் ஒரு பங்காக நிற்கும், அடுத்தடுத்து 60, 180, 540, 1,620, 4,860, 14,580, கடைசியில் 43,740. செல் சேர்த்த பிறகு திரவம் கூடினாலும் நீர்ப்பைச் சொல்லும்போது வைரஸோடு இருந்த இந்த எண்ணையே சொல்வார்கள்.

37 டிகிரியில் ஒரு மணி நேரம். இந்த இடைவெளியில் செல்லைப் பிரித்து எண்ணுங்கள். குழிக்கு 10,000 செல், டிஇஏஇ-டெக்ஸ்ட்ரான் கலந்த 100 மைக்ரோலிட்டர் ஊடகத்தில், எல்லாக் குழிக்கும். உயிரோடு இருக்கும் செல் 90 சதவீதத்துக்குக் கீழே என்றால் அன்று தட்டு போட வேண்டாம்.

ஓர வரிசைக் குழிகளில் நீர் ஆவியாகும். கடற்கரை ஈரக்காற்று வெளியே எவ்வளவு இருந்தாலும் ஏசி போட்ட அறையிலும் மின்விசிறி சுற்றும் இன்குபேட்டரிலும் வறட்சிதான். இன்குபேட்டரின் நீர்த் தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். செல் கட்டுப்பாடு இருப்பதே ஓர நெடுவரிசையில்தான் என்பதால் அங்கே வரும் பிழை தட்டு முழுவதும் பரவும்.

கையில் தடுமாற்றம் உள்ளவர்கள் சீரத்துக்கு முன்னால் நீல மை கலந்த தண்ணீரில் இந்த நீர்ப்பைப் போட்டுப் பழகலாம். இதற்குச் செல்லும் வேண்டாம், வைரஸும் வேண்டாம், எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம். இரண்டு நெடுவரிசையும் ஒரே சீராக வெளிறுகின்றனவா என்று கண்ணாலேயே தெரியும்.

ஒளி வாசிப்பது

48 மணி நேரம் கழித்து ஒவ்வொரு குழியிலிருந்தும் 150 மைக்ரோலிட்டர் எடுத்துவிட்டு, லூசிஃபெரேஸ் வினைப்பொருள் 100 மைக்ரோலிட்டர் சேர்த்து இரண்டு நிமிடம் விடுங்கள். கலக்கி, 150-ஐக் கறுப்புத் தட்டுக்கு மாற்றி உடனே வாசியுங்கள்.

வினைப்பொருளை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எல்லாக் குறிப்பேடும் சொல்லும். அந்த அறை 20 முதல் 25 டிகிரி அறை. நம் மே மாத 34 டிகிரி அறை அல்ல. லூசிஃபெரேஸின் வேகம் வெப்பத்தோடு மாறுவதால் காலையில் வாசித்த தட்டையும் ஏசி நின்றுபோன மதியத்தில் வாசித்த தட்டையும் ஒப்பிட முடியாது. வாசிக்கும்போது அறை வெப்பத்தைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

கணக்கு

வைரஸ் கட்டுப்பாட்டின் சராசரி 1,52,000, செல் கட்டுப்பாடு 2,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1,50,000. 180 நீர்ப்பில் உங்கள் மாதிரி 47,000 காட்டுகிறது. 1,52,000-இலிருந்து 47,000-ஐக் கழித்தால் 1,05,000. அதை 1,50,000-ஆல் வகுத்தால் 70 சதவீதம் முறிப்பு. 540 நீர்ப்பில் 95,000 என்றால் 38 சதவீதம்.

50 சதவீதம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நீர்ப்பு மும்மடங்காகப் போவதால் இடைப்பட்ட மதிப்பை மடக்கை அளவில்தான் எடுக்க வேண்டும். 70-இலிருந்து 50-க்கு இறக்கம் 20, மொத்த இறக்கம் 32, பங்கு 0.625. மூன்றின் 0.625 அடுக்கு ஏறக்குறைய 1.99. அதை 180-ஆல் பெருக்கினால் 358. இதுதான் ஐடி50, அதாவது பாதி முறிப்பு கிடைக்கும் நீர்ப்பு. 180-க்கும் 540-க்கும் நேர்கோட்டில் இடைப்பட்டுப் பார்த்தால் 405 வரும், அது தவறு. தூய்மைப்படுத்திய ஆன்டிபாடியாக இருந்தால் நீர்ப்புக்குப் பதில், 50 அல்லது 80 சதவீதம் முறிக்கும் செறிவை மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராமில் ஐசி50, ஐசி80 என்பார்கள்.

தட்டை ஏற்பதற்குச் சில வரம்புகள் உண்டு. வைரஸ் கட்டுப்பாடு செல் கட்டுப்பாட்டைப் போல 10 மடங்காவது இருக்க வேண்டும். வைரஸ் கட்டுப்பாட்டுக் குழிகளுக்குள் மாறுபாடு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெரிந்த ஆன்டிபாடி ஒன்றை ஒவ்வொரு முறையும் ஓட்டி, அதன் மதிப்பு வழக்கமான சராசரியிலிருந்து மும்மடங்குக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எது தவறினாலும் மாதிரி எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் தட்டைத் தள்ளிவிடுங்கள்.

ஒளி வேறு எதனாலெல்லாம் குறையும்

"ஒளி குறைஞ்சா ஆன்டிபாடி தடுத்துருச்சுன்னுதானேக்கா அர்த்தம்?" என்று கீழக்கரை மாணவி ஒருத்தி கேட்டாள். இல்லை. அதைச் சொல்லும் தகுதி உங்களுக்கு வருவது எம்எல்வி (எலி லுக்கேமியா வைரஸ்) கட்டுப்பாட்டைப் பார்த்த பிறகுதான்.

அதே பிஎஸ்ஜி3-டெல்டா-என்வ் பிளாஸ்மிட்டோடு எச்ஐவி உறைக்குப் பதில் எலி லுக்கேமியா வைரஸின் உறையைச் சேர்த்து இன்னொரு போலி வைரஸ் செய்யுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றுதான், உறை மட்டும் வேறு. எச்ஐவி உறையைத் தேடும் ஆன்டிபாடி இதைத் தொடாது. உங்கள் மாதிரி இதன் ஒளியையும் குறைக்கிறது என்றால் வேலை செய்தது ஆன்டிபாடி அல்ல, வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோ, பல நேரம் மாத்திரையாக இருக்கும். எச்ஐவிக்கான ஏஆர்டி கூட்டு மருந்து எடுப்பவரின் சீரத்தில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் இருக்கலாம். முதல் இரண்டும் ஆர்என்ஏ டிஎன்ஏவாவதைத் தடுக்கும், மூன்றாவது இணைவதைத் தடுக்கும். ஆன்டிபாடி ஒன்றுகூட இல்லாமலே ஒளி விழும். தடுப்பூசி ஆய்வில் சேர்ந்தவர் தொற்றுத் தடுப்புக்காக முன்கூட்டியே மாத்திரை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். சீரத்திலிருந்து ஐஜிஜி வகை ஆன்டிபாடியை மட்டும், அதைப் பிடித்துக்கொள்ளும் புரோட்டீன் ஜி கொண்டு பிரித்து மறுபடி ஓட்டுங்கள். மாத்திரை கழுவிப் போகும், ஆன்டிபாடி நிற்கும்.

இப்போது கடற்பாசி. கட்டக்கோரை, கஞ்சிப்பாசி, நம் மக்கள் பெப்சி பாசி என்று பேர் வைத்த கப்பாஃபைக்கஸ் ஆகியவற்றின் நீர்ச்சாற்றில் சல்ஃபேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. பழுப்புப் பாசியில் ஃபுகாய்டன், பெப்சி பாசியில் கராஜீனன். ஹெப்பாரின் செய்த அதே வேலையை இவையும் செய்யும். எதிர்மின்னேற்றத்தால் வைரஸின் உறையோடு ஒட்டிக்கொள்ளும். அத்தோடு நீங்கள் போட்ட நேர்மின்னேற்ற டிஇஏஇ-டெக்ஸ்ட்ரானையும் கட்டிப்போடும். இரண்டாவது காரணத்தால் மட்டுமே ஒளி பாதியாகலாம். அது பாசியின் மருத்துவ குணம் அல்ல, உங்கள் தட்டுக்குள் நடந்த வேதியியல். டிஇஏஇ-டெக்ஸ்ட்ரான் இல்லாமலும் ஒரு தட்டு ஓட்டுங்கள். ஒளி மொத்தமாகக் குறைவாக இருக்கும், ஆனால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

இன்னும் மூன்று சோதனை வேண்டும். வைரஸ் இல்லாமல் சாற்றை மட்டும் செல்லில் 48 மணி நேரம் வைத்து, செல் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் எம்டிடி சோதனை பாருங்கள்; செத்த செல் ஒளிராது. வைரஸ் மட்டும் தொற்றிய குழிகளில், வாசிப்புக்குச் சற்று முன் சாற்றைச் சேர்த்துப் பாருங்கள். அப்போதே ஒளி குறைந்தால் சாற்றின் நிறம் ஒளியை விழுங்குகிறது, அல்லது நொதியையே தடுக்கிறது. கடைசியாக, சாற்றைச் செல்லோடு மட்டும் ஒரு மணி நேரம் வைத்துக் கழுவிவிட்டு வைரஸ் போடுங்கள். தடுப்பு மறைந்துவிட்டால் சாறு வேலை செய்வது வைரஸின் மேல்தான், செல்லின் மேல் அல்ல.

இதெல்லாம் தேறிய சாறும் மனித உடலில் தேறும் என்று பொருளில்லை. கராஜீனன் கூழை வைத்துத் தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த கராகார்ட் ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. கூழால் பாதிப்பில்லை, ஆனால் எச்ஐவியைத் தடுக்கவும் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த செல்லுலோஸ் சல்ஃபேட் கூழின் ஆய்வு, இந்தியாவிலும் மையங்கள் இருந்த ஒன்று, 2007 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. இரண்டு பொருளும் ஆய்வகச் செல்களில் நன்றாகவே வேலை செய்திருந்தன. "எச்ஐவிக்குக் கடற்பாசி மருந்து" என்று உள்ளூர் நாளிதழில் செய்தி கொடுப்பதற்கு முன் இந்த இரண்டையும் படித்துவிடுங்கள்.

செல் மாறினால் எண்ணும் மாறும்

டிஇசட்எம்-பிஎல் செல்லின் மேல் இருக்கிற அளவு சிசிஆர்5 நம் உடலின் டி செல்லில் கிடையாது. அதனால் சில ஆன்டிபாடிகளை இந்தச் செல் குறைத்துக் காட்டும். ஏ3ஆர்5 என்பது டி செல் வழி வந்த லைன், பலவீனமான ஆன்டிபாடியையும் பிடித்துவிடும். டிஇசட்எம்-பிஎல் செல்லிலேயே ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடிக்கும் எஃப்சி-காமா ஏற்பி சேர்த்த வகை ஒன்று உண்டு. 2எஃப்5, 4ஈ10 என்ற எச்ஐவி ஆன்டிபாடிகள் அதில் பல மடங்கு வலுவாகத் தெரியும். கொடையாளர் ரத்தத்தின் வெள்ளணுக்களில் செய்வது இயற்கைக்கு அருகில்தான், ஆனால் கொடையாளருக்குக் கொடையாளர் எண் ஆடும். டிஇசட்எம்-பிஎல் முன்னுக்கு வந்ததற்குக் காரணம் அது இயற்கையானது என்பதல்ல. யார் செய்தாலும் ஒரே எண் வருகிறது என்பதுதான். டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்டிஃபியோரியின் ஆய்வகம் முறையைச் சீராக்கி, பல நாட்டு ஆய்வகங்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தது.

தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆர்வி144 தடுப்பூசி ஆய்வு 2009-இல் 31.2 சதவீதப் பாதுகாப்பு காட்டியது. ஆனால் அவர்களின் சீரம் டிஇசட்எம்-பிஎல் தட்டில் எளிதில் முறியும் வைரஸ்களைத்தான் முறித்தது. பரவலாகச் சுற்றும் கடின வகைகளின் முன் ஏறக்குறைய ஒன்றும் காட்டவில்லை. ஏ3ஆர்5 செல்லில் கொஞ்சம் தெரிந்தது. பாதுகாப்போடு ஒத்துப்போனது முறிப்புத் திறனே அல்ல, வைரஸ் உறைப்புரதத்தின் வி1வி2 பகுதியில் ஒட்டும் ஆன்டிபாடி. தட்டு பொய் சொல்லவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை அவ்வளவுதான்.

நேர்மாறாக, விஆர்சி01 என்ற ஆன்டிபாடியை நேரடியாக ரத்தத்தில் ஏற்றிய ஏஎம்பி ஆய்வுகளின் முடிவு 2021-இல் வந்தபோது இந்தத் தட்டு தன் மதிப்பை நிரூபித்தது. மொத்தமாகப் பார்த்தால் தொற்று குறையவில்லை. ஆனால் டிஇசட்எம்-பிஎல் செல்லில் ஐசி80 மதிப்பு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்த வைரஸ்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது 75 சதவீதப் பாதுகாப்பு. 50 சதவீத முறிப்பை மட்டும் எழுதிவிட்டு 80-ஐ விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

எந்த வைரஸ்களின் மேல் அளப்பது? நம் நாட்டில் பரவலாக இருப்பது சி வகை. 1986-இல் சென்னையில் முதன்முதலாகத் தொற்று கண்டறியப்பட்டதிலிருந்து இங்கே சேர்ந்த வைரஸ்களில் அதுவே பெரும்பான்மை. உலகளாவிய 12 வைரஸ் தொகுப்பில் 25710 என்ற இந்திய சி வகை ஒன்றும் இருக்கிறது. அந்தத் தொகுப்பை ஓட்டுங்கள், கூடவே 16055 போன்ற இந்திய உறைகளையும் சேருங்கள். எளிதில் முறியும் முதல் அடுக்கு வைரஸ் ஒன்றை வைத்துக்கொண்டு ஐடி50 ஆயிரக்கணக்கில் வந்தது என்று சுவரொட்டி போடுகிறவர்களை மாநாடுகளில் பார்ப்பீர்கள். முறிக்கக் கடினமான இரண்டாம் அடுக்கில் எத்தனை வைரஸை முறித்தது என்று மட்டும் கேளுங்கள்.

முடிவை எழுதும்போது முதல் நீர்ப்பிலேயே பாதி முறிப்பு வராத மாதிரிக்கு "20-க்குக் கீழ்" என்று எழுதுங்கள், பூஜ்யம் என்று எழுதாதீர்கள். பெருக்குச் சராசரி எடுக்க அவற்றுக்கு 10 என்ற மதிப்பைக் கொடுப்பது வழக்கம். கொடுத்திருந்தால் அதை அட்டவணையின் அடியிலேயே சொல்லிவிடுங்கள். எம்எல்வி மதிப்பையும் அதே அட்டவணையில், அதே எழுத்தளவில், மாதிரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் போடுங்கள்.